பெரியவருக்குத் தொண்டையில் சிக்கல்

வெளிவாசல் திறப்பதற்கு முன் சென்னியப்பன் வாயை அகலத் திறந்து, கடைவாய்ப் பல் ஒன்றைக் கழற்றி, வாசலோரம் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டான். பல்லுக்குள்ளிருந்து அவன் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "மூச்சுத்துணியை நல்லா இறுக்கிக் கட்டிக்கிங்க, போன தடவை மாதிரி இருமிக்கிட்டு வராதீங்க" என்றது கிண்ணம். சென்னியப்பன் கிண்ணத்தைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டினான்.

அவனோடு வெளிவேலைக்குப் போகும் மயிலாத்தாள் காதுக்குப் பின்னால் விரலை விட்டு நினைவுச் சில்லைப் பிடுங்கினாள். பிடுங்கியதும் உறவுக்காரர்களின் பிறந்தநாள்களும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்ற விவரங்களும் மண்டையிலிருந்து மொத்தமாக இறங்கிப் போயின. தலை லேசானது. வெளிவேலையில் அவளுக்குப் பிடித்த சௌகரியம் அது ஒன்றுதான்.

மூன்றாம் குமிழ் என்ற அந்த மூடிய ஊரை விட்டு வெளியே போகிற எவரும் உடம்பில் மின்சாரத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. அனலி என்ற அந்தக் கிரகத்தில் இதைப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காரணம் மின்னுண்ணி. மணலுக்கடியில் நீந்துகிற, கன்றுக்குட்டிப் பருமனுள்ள பிராணி. முதுகெல்லாம் ஓடு, கண் கிடையாது. மின்கலமோ விளக்கோ எந்திரனோ, எது கிடைத்தாலும் உள்ளே இருக்கும் மின்சாரத்தை உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் போட்டுவிடும். காவலுக்கென்று பூமியிலிருந்து கொண்டுவந்த எந்திரன்களை வந்த வருடமே பலகாரம் மாதிரி ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிட்டது. ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளுக்கும் அதே கதிதான். மனிதனிடம் பல்லையும் சில்லையும் கழற்றிய பிறகு மிஞ்சுவது இதயத்தில் ஓடும் துளி மின்சாரம். அதைக் கழற்றிக் கிண்ணத்தில் வைக்க வழியில்லையே. பசி முற்றினால் மின்னுண்ணி அந்தத் துளிக்காகவும் வரும்.

அதற்குத்தான் பெரியவர் இருந்தார்.

பெரியவர் என்பது ஒரு கைத்துப்பாக்கி. முதல் கப்பலில் வந்த யாரோ ஒரு புண்ணியவான் சட்டத்தை ஏமாற்றி வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. சில்லு இல்லை, மின்கலம் இல்லை. வெறும் இரும்பும் சுருள்வில்லும். ஒரு தோட்டா வெடித்ததும் அந்த உதைப்பிலேயே மேல்பாகம் பின்னால் நகர்ந்து வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும். திரும்ப முன்னால் வரும்போது, கைப்பிடிக்குள் செருகியிருக்கும் மேகசின் என்ற தகரக் கூட்டிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக் குழலுக்குள் ஏற்றிக்கொள்ளும். சுடுகிறவர் விசையை அழுத்தினால் போதும். மின்னுண்ணியிடம் எடுபடுவது இந்த ஏற்பாடு ஒன்றுதான். முதல் குண்டுக்கு அது நிற்கும். அடுத்ததும் அதற்கடுத்ததும் விடாமல் ஓட்டில் விழுந்தால்தான் திரும்பி ஓடும். நடுவில் நேரம் கொடுத்தால் முன்னைவிடக் கோபமாக வரும்.

மூன்றாம் குமிழில் இருந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்களின் வம்சம். மரை, வால்வு, தோட்டா, எதைக் கேட்டாலும் லேத்தில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். நன்றி மறக்கிற ஜனமும் அல்ல. பெரியவரால் ஓர் உயிராவது பிழைக்காத குடும்பம் அங்கே இல்லை. ஆயுத பூஜை அன்று ஊரே வரிசையில் நின்று அவருக்குப் பொட்டு வைக்கும். அனலியோ தன் சூரியனைச் சுற்றுவதில் பெரிய அவசரக்காரி. ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்று முடித்து அடுத்த வருடத்தைத் தொடங்கிவிடுவாள். ஆகவே ஆயுத பூஜையும் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. சலிக்காமல் ஜனங்களும் பொட்டு வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு வேலை வடக்கு ஊற்றுக் குழாயில். குமிழுக்குத் தண்ணீர் வரும் ஒரே குழாய் அது; அதில் ஓர் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் ஸ்பேனரோடு பள்ளத்தில் இறங்கினான். மயிலாத்தாள் மேலே நின்று காவல் பார்த்தாள். பழைய இணைப்பைப் பாதி கழற்றும்போதே சற்றுத் தள்ளி மணல் புடைத்தது.

"அண்ணா, மேல வந்துருங்க" என்றாள்.

மின்னுண்ணி நேராக வந்தது. மயிலாத்தாள் இரண்டு கையாலும் பெரியவரைப் பிடித்துச் சுட்டாள். குண்டு ஓட்டில் பட்டது. மின்னுண்ணி நின்றது. மறுபடி விசையை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தால் மேல்பாகம் பாதி வழியில் நின்றிருந்தது; அடுத்த தோட்டா குழலின் வாசலில் மூக்கை முட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. அவள் தட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். மின்னுண்ணி இரண்டு எட்டு தூரத்தில் மணலை விட்டு மேலே எழும்பியது. அடிவயிற்றின் சுருக்கங்கள்கூட அவளுக்குத் தெரிந்தன. அப்போது வடக்கே எங்கோ இடி இடித்தது. மின்னலின் வாசம் பிடித்ததோ என்னவோ, அது அந்தப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது.

இருவரும் ஓடி வந்து வாசலுக்குள் விழுந்தார்கள். சென்னியப்பன் மூச்சுத்துணியை அவிழ்த்துவிட்டு, "என்ற மூணு புள்ளைகளும் கண்ணுக்குள்ள வந்துட்டுப் போயிருச்சு அம்மிணி" என்றான்.

ஊரோ கொண்டாடியது. ஒரே குண்டில் மின்னுண்ணியை விரட்டிவிட்டாராம் பெரியவர். ஊர்த் தலைவர் அர்த்தனாரி அன்றைக்கே ஒரு சிறப்புப் பூஜைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நல்ல மனுஷர், யாருக்கு என்றாலும் கண் கலங்கிவிடுவார். மயிலாத்தாள் அவரிடம் போய், "ரெண்டாவது தோட்டா சிக்கீருச்சுங்க. இடி இடிச்சதாலதான் பொழைச்சோம்" என்றாள்.

"வயசாச்சில்ல அம்மிணி. அவருந்தான் எத்தனைனு தாங்குவாரு. நாமதான் பதனமாப் பார்த்துக்கோணும்" என்று சொல்லி, அர்த்தனாரி பெரியவருக்கு இன்னொரு விரல் சந்தனம் வைத்தார்.

பாதி கழன்ற இணைப்பு இப்போது முன்னைவிட மோசமாக ஒழுகியது. தொட்டியில் இருக்கும் தண்ணீர் சில நாளைக்குத்தான் வரும். மறுபடி அதே பள்ளத்துக்குப் போயே ஆகவேண்டும், அதுவும் இதே துப்பாக்கியோடு. இன்னொரு தடவை இடி இடிக்கும் என்று எவர் எழுதிக் கொடுப்பார்? செத்துப்போவதுகூட மயிலாத்தாளுக்கு ஒருமாதிரி பழகிவிட்ட பயம்தான். தன்னை நம்பிப் பள்ளத்தில் குனிந்திருப்பவன் மேலே வருவதற்குள் தோட்டா சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற நினைப்புதான் அவளை விடவில்லை.

மறுநாள் பெரியவரை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனாள். அங்கே பிணியறி இருந்தது. மூன்று கை, ஒரு நீளமான குழாய்க் கண், தரையோடு திருகி வைத்த உடம்பு. ஊரில் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்றே செய்த எந்திரம் அது ஒன்றுதான். வயிற்றுவலிக்காரர்களுக்கும் சளிக்காரர்களுக்கும் நடுவே வரிசையில் நின்று உள்ளே போனாள்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டது பிணியறி.

"இவருக்குங்க" என்று துண்டை அவிழ்த்தாள்.

பிணியறி குழாய்க் கண்ணை நீட்டித் துப்பாக்கியைப் பார்த்தது. "வயது?"

"பூமிக் கணக்குல எரநூத்தம்பதுக்கு மேல இருக்குமுங்க."

"என்ன தொந்தரவு?"

"மொதல்ல ஒண்ணை முழுங்கிக்கிறாருங்க. ரெண்டாவது தொண்டையில நின்னுக்குது."

"நான் மனிதர்களைப் பார்க்கிற பிணியறி. ஆனால் விழுங்க முடியாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. முதலில் உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்பதைக் காட்டுங்கள்."

அவள் மேகசினை உருவி, மேல்பாகத்தை இழுத்து, காலியாக இருந்த குழலைக் காட்டினாள். பிணியறி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது. எப்போதிலிருந்து இப்படி? எல்லாத் தோட்டாவும் சிக்குகிறதா, சிலதுதானா? சிக்கும்போது தோட்டாவின் மூக்கு மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா? மயிலாத்தாளுக்குத் தன் மகளைப் பால்குடிக் குழந்தையாக இங்கே தூக்கிவந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே மாதிரிதான் கேட்டது.

"கீழ பார்க்குதுங்க. கொழலுக்கு முன்னால ஒரு சின்னச் சரிவு இருக்குதில்லீங்க, அதுல போய் முட்டிக்குது."

"மேகசினின் அடியிலிருந்து ஒரு தட்டு தோட்டாக்களை மேலே தூக்குகிறது. தட்டைச் சுருள்வில் தள்ளுகிறது. தூக்குவது தாமதமானால் தோட்டா தலை நிமிர்வதற்குள் மேல்பாகம் வந்து இடித்துவிடும். அப்போது இப்படித்தான் கீழே பார்க்கும். ஆனால் இது சந்தேகம்தான், முடிவு அல்ல. கை தளர்ந்து பிடித்தாலும் மேல்பாகம் முழுத் தூரம் போகாமல் திரும்பிவிடும். உங்கள் மணிக்கட்டு எப்படி?"

"என்ற மணிக்கட்டையா சொல்றீங்க?" மயிலாத்தாளுக்குச் சுருக்கென்றது. "வெளிக்கொழாய் வால்வைத் திருகுற கைங்க இது."

"கோபம் வேண்டாம். கை, தோட்டா, மேகசின், துப்பாக்கி என்று நான்கு பேர்மேல் சந்தேகம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் ஒருவேளை குணமாகிவிடும். எதனால் குணமானது என்று தெரியாது. மறுபடி வரும்போது இதே வரிசையில் வந்து நிற்பீர்கள்."

பிணியறியால் நகர முடியாது. லேத்துப் பட்டறையின் பின்புறம், மணல் நிரப்பிய நீளத் தொட்டிக்கு முன்னால் சோதனை நடந்தது. பிணியறி சென்னியப்பனின் கடைவாய்ப் பல் வழியாகக் கேட்டும் பேசியும் நடத்தியது. அது பேசும்போதெல்லாம் அவன் வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவே அவன் மனைவியும் இணைப்பில் வந்து, அந்தப் பொம்பளைக் குரல் யாருது என்று கேட்டாள். பிணியறி தன் பெயரையும் தயாரிப்பு வருடத்தையும் சொன்ன பிறகுதான் சமாதானமானாள்.

முதலில் ஆளை மாற்றினார்கள். சென்னியப்பன் சுட்டான். இரண்டாவது தோட்டா சிக்கியது. "பார்த்தீங்களா, என்ற கையில ஒண்ணுமில்லை" என்று மயிலாத்தாள் பல்லைப் பார்த்துச் சொன்னாள். அடுத்து, வேறு நாளில் கடைந்த தோட்டாக்களை எடுத்து, நீளமும் பருமனும் சரிபார்த்துப் போட்டார்கள். அதே இடத்தில் அதே மாதிரி சிக்கியது. தன் லேத்து தப்பித்ததில் சென்னியப்பனுக்கு ரொம்ப நிம்மதி.

"வேறு மேகசின் இருக்கிறதா?" என்றது பல்.

இருந்தது. பெரியவரோடு கூடவே வந்த உபரி. சாமான் கிட்டங்கியில் ஒரு தகரப் பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது. பூஜைக்குக்கூட யாரும் அதை எடுத்து வைத்ததில்லை. உபரியைப் போய் யார் கும்பிடுவார்கள்? தேடி எடுத்துவந்து, துடைத்து, தோட்டா நிரப்பிச் செருகினாள். விசையை அழுத்தினாள். ஒன்று, அடுத்து, அதற்கடுத்து என்று தடங்கலே இல்லாமல் அத்தனையும் போய் மணலில் புதைந்தன. காது ஙொய் என்றது. மயிலாத்தாள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிழைத்துவிடலாம் என்று அவளுக்கு முதல்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

"சிக்குகிற மேகசினை வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்றது பிணியறி.

அங்கே போனதும், குடலைப் பார்க்கிற குழாய்க் கண்ணை அது மேகசினுக்குள் விட்டது. சுவரில் படம் தெரிந்தது. தட்டு ஏறி இறங்கும் உள்சுவர் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காக ஏதோ படிந்து இறுகியிருந்தது. பிணியறி ஒரு துணுக்கைச் சுரண்டிச் சோதித்தது.

"இது சமையற்கூடத்து எந்திரம் பிசைகிற செயற்கைச் சந்தனம். அதில் பிசின் உண்டு, காய்ந்தால் கல்லாகிவிடும். சிவப்பு குங்குமம். சாம்பல் நிறத்தில் இருப்பது திருநீறு. நிறைய எண்ணெயும் ஊற்றியிருக்கிறார்கள், அது எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. சுருள்வில்லுக்கடியில் ஒரு வெள்ளைப் பொருள். தாவரம். பொரித்த அரிசி என்று நினைக்கிறேன். இவையெல்லாம் எப்படி உள்ளே போயின?"

மயிலாத்தாளுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது.

"பூசுனதுங்க" என்றாள் மெதுவாக. "நன்றிக்குப் பூசுனது. என்ற பொட்டும் அதுல இருக்குமுங்க."

"எவ்வளவு காலமாக?"

"நான் பொறக்கறதுக்கு முந்தியிருந்தே."

"துடைக்கும் வழக்கம் இல்லையா?"

"சாமிக்கு வெச்சதை எப்படீங்க தொடைக்கறது? அதுவா உதிரோணும்."

"உதிரவில்லை. உள்ளே போயிருக்கிறது" என்றது பிணியறி. "வெந்நீரும் தூரிகையும் போதும். பிறகு நன்றாக உலர்த்தி, விரலில் ஒட்டுகிற அளவு மட்டும் எண்ணெய். ஆனால் நோயாளியைக் குளிப்பாட்டலாமா என்பதை உறவுக்காரர்தான் சொல்ல வேண்டும்."

அவள் பெரியவரை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு பொட்டையும் யாரோ ஒருத்தி பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில், கணவன் திரும்பி வந்த ஆறுதலில் வைத்திருப்பாள். அதையெல்லாம் சுரண்டுவதற்குக் கை வரவில்லை. பள்ளத்தில் குனிந்திருக்கும் சென்னியப்பனின் முதுகு நினைவுக்கு வந்தது. "மன்னிச்சுக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டு வெந்நீரை ஊற்றினாள். மேகசினைப் பிரித்து, சுருள்வில்லை உருவி, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் பூஜையறை வாசத்தோடு ஓடியது. கடைசியில் அந்தப் பொரி வந்து உள்ளங்கையில் விழுந்தது. பிரசாதத்தைக் குப்பையில் போட முடியுமா? வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் வெடிமருந்து ருசி இருந்தது, மற்றபடி மோசமில்லை.

கழுவிய மேகசினைச் செருகி மறுபடி மணல்தொட்டியில் சுட்டுப் பார்த்தார்கள். ஒரு தோட்டாகூட முரண்டு பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வடக்கு ஊற்றுக்குப் போனார்கள். மின்னுண்ணி வராமலா இருக்கும்? சென்னியப்பன் புது இணைப்பைத் திருகிக்கொண்டிருந்தபோது வந்தது, முந்தியதைவிடப் பெரிய உருப்படி. மயிலாத்தாள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு சுட்டாள். நின்றது. மறுபடி சுட்டாள். ஓட்டிலிருந்து ஒரு சில்லு தெறித்தது. பெரியவர் அவள் கைக்குள் உதைத்து, துப்பி, விழுங்கி, மறுபடி உதைத்தார். நாலாவது குண்டுக்கு மின்னுண்ணி முதுகைக் காட்டியது. ஐந்தாவதற்கு மணலுக்குள் போய்விட்டது. மேகசினில் இன்னும் தோட்டா மிச்சம் இருந்தது.

பள்ளத்துக்குள் ஸ்பேனர் சத்தம் நிற்கவே இல்லை. "முடிஞ்சுதா அம்மிணி?" என்று சென்னியப்பன் நிமிராமலே கேட்டான்.

"முடிஞ்சுதுங்கண்ணா. நீங்க திருகுங்க."

குமிழுக்குள் குழாய்களில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோது மயிலாத்தாள் வைத்தியசாலைக்குத்தான் ஓடினாள். வரிசையில் நின்றவர்களைக் கும்பிட்டு முந்திக்கொண்டு பிணியறியின் முன்னால் போய் நின்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ரெண்டு உசுருங்க. ரெண்டு குடும்பமுங்க. நீங்க நல்லா இருக்கோணும். உங்களுக்கு நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

பிணியறி அவள் கண்ணைச் சோதித்தது. அழுகை நோயல்ல என்று முடிவு செய்தது. "அடுத்தவரை உள்ளே அனுப்புங்கள்" என்றது. அவள் அப்படியே செய்தாள்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். அரங்கு நிறைந்துவிட்டது. மேடையில் பெரியவர் பட்டுத்துணிமேல் இருந்தார். அர்த்தனாரி கண் கலங்கப் பேசினார். பேசி முடித்து, சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார்.

"சித்தே நில்லுங்க மாமா" என்று மயிலாத்தாள் எழுந்துவிட்டாள். மின்னுண்ணிக்கு முன்னால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. ஆனாலும் மறைக்கக் கூடாது என்று தீர்மானித்து வந்திருந்தாள். அந்தப் பழைய குழாயில் நாளைக்கு அடுத்த இணைப்பு, அதற்கடுத்த நாள் இன்னொன்று என்று வேலை காத்துக் கிடந்தது. மறுபடி சிக்கினால் யாருக்குப் பதில் சொல்வது? பிணியறி பார்த்தது, கண்டுபிடித்தது, அவள் கழுவியது எல்லாவற்றையும் சொன்னாள். "கொறை சொல்லலீங்க. நானுந்தான் பூசுனேன். ஆனா நாம அன்புல வெச்சதுதான் அவரு தொண்டையை அடைச்சிருச்சு. இனிமே பூசாதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. முன்வரிசையிலிருந்த தெய்வாத்தாள் என்ற அம்மாள்தான் முதலில் விசும்பினாள். மின்னுண்ணியிடமிருந்து அவள் மகனைப் பெரியவர் காப்பாற்றிக் கொடுத்திருந்தார். "எல்லாரும் ஒரு வெரல் வெப்பாங்க. நான் ஒரு பூஜை விடாம ரெண்டு வெரல் வெச்சேனுங்க. என்ற புள்ளையைக் காப்பாத்துன சாமிக்கு நானே மூச்சு முட்ட வெச்சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். அர்த்தனாரி விரலில் இருந்த சந்தனத்தைத் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

"மயிலாத்தா சொன்னது சத்தியம்" என்றார் தழுதழுத்த குரலில். "நம்ம கண்ணைத் தொறந்துட்டா. இந்தச் சபையில சொல்றேன், இனிமே பெரியவர்மேல ஒரு பொட்டுப் படாது. ஒரு சொட்டு எண்ணெய் படாது."

மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எப்பேர்ப்பட்ட ஜனம் என்று நினைத்துக்கொண்டாள். சொன்னால் கேட்டுக்கொள்கிறார்களே.

"பொட்டு மட்டுமில்ல" என்று அர்த்தனாரி தொடர்ந்தார். "ஒரு தூசு படாது. ஒரு கை படாது. பட்டறையில கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்றேன். காத்துப் புகாத பெட்டி. அதுக்குள்ள அவரு நிம்மதியா இருக்கட்டும்."

அரங்கே எழுந்து நின்று கைதட்டியது. மயிலாத்தாளும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினாள்.

"மாமா, வேலைக்குப் போகையில தொறந்து குடுப்பீங்கல்ல?"

கைதட்டல் அடங்கியது. அர்த்தனாரி அவளைப் புரியாமல் பார்த்தார். "இத்தனை நாளு நம்மகிட்ட அவரு பட்டதெல்லாம் போதாதா அம்மிணி? மறுபடி மணல்லயும் புழுதியிலயும் அலைய விடோணுமா? நீதானே இப்ப எடுத்துச் சொன்னே?"

"அப்படின்னா பட்டறையில வேற ஒண்ணு கடைஞ்சு குடுங்க."

"பெரியவர் இருக்கையில இன்னொண்ணா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சபையில் சலசலப்பு எழுந்தது. தெய்வாத்தாள் அவளை வேதனையோடு பார்த்தாள். பாவம், பயத்தில் பேசுகிறாள் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

அர்த்தனாரி கோபப்படவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் தலையில் கை வைத்தார். "உன்னை வெறுங்கையோட அனுப்புவோமா?" என்று சொல்லி, கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்ததில் உள்ளங்கை அகலத்தில் சட்டம் போட்ட ஒரு படத்தை அவளிடம் கொடுத்தார். பட்டுத்துணிமேல் பெரியவர், சுற்றிலும் பூ வேலைப்பாடு. கண்ணாடிமேல் புதிதாக வைத்த ஒரு சந்தனப் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"இடுப்புப் பையில வெச்சுக்கோ. நீ சொன்னது நல்லதாப் போச்சு அம்மிணி. இதுல எத்தனை பொட்டு வேணுமுன்னாலும் வெச்சுக்கலாம், எங்கயும் சிக்காது."

மயிலாத்தாள் படத்தைப் பார்த்தாள். நாளைக் காலையில் நிற்கப்போகும் மணல்வெளி அவள் கண்முன் விரிந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். அரங்கு முழுக்க நனைந்த முகங்கள் அவளைப் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கை, அவளைக் கேட்காமலே படத்தை உயர்த்தி, வலக்கண்ணில் ஒருமுறையும் இடக்கண்ணில் ஒருமுறையும் ஒற்றிக்கொண்டது.

சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. நாளைக்குப் பள்ளத்தில் இறங்கப்போகிறவன் அவன்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க மாமா" என்று கையை நீட்டினான்.